ஜெபத்தின் நடுவே போனை வைத்தேன்

என் மனைவி ரூபி உயிரோடு இருக்கிறாள். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். சாட்சி எழுதுகிறவர்கள் பலர் இதைக் கடைசிவரை ஒளித்துவைத்து, வாசிக்கிறவர்களைத் தவிக்கவிடுவார்கள். நான் தவித்தது போதும். நீங்கள் வேறு எதற்குத் தவிக்க வேண்டும்?

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு நான் அழவில்லை. முழங்காலில் நிற்கவில்லை. வாய் திறந்து ஒரு வார்த்தை ஜெபிக்கவில்லை. "இத எப்பிடி ஐயா சாட்சின்னு எழுதறது?" என்று பாஸ்டரிடம் கேட்டேன். "நடந்தத நடந்த மாதிரி எழுது டேனி. நீ ஒண்ணும் ரிப்பேர் பண்ணாத" என்றார். நான் மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் ஏசி மெக்கானிக். ரிப்பேர் பண்ணாமல் என்னால் இருக்க முடியாது என்று அவருக்குத் தெரியும்.

போன வருஷம் லெந்து நாட்களில், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில், எங்களுக்கு முதல் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. கடைசி நேரத்தில் குழந்தைக்கு இதயத் துடிப்பு குறைகிறது என்று ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸம்மா சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "நல்லா தண்ணி குடிக்கணும். மெதுவா எழுந்து நடக்கணும். படுத்தே இருக்கக் கூடாது." எல்லோரும் தலையை ஆட்டினோம். என் அத்தை, அதாவது ரூபியின் அம்மா, எல்லோரையும்விடப் பலமாக ஆட்டினார்.

வழக்கப்படி ரூபியைப் புதுப்பட்டினத்தில் தாய்வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்கு என்று ஒரு தனிச் சட்டம் உண்டு. பச்சை உடம்பு. தண்ணீர் குடித்தால் வயிறு போட்டுவிடும். ஆபரேஷன் ஆனவள் என்றால் கேட்கவே வேண்டாம், தையல் சீழ் வைத்துவிடும். எழுந்து நடமாடினால் காற்று புகுந்துவிடும். ஆகவே காதில் பஞ்சு, வயிற்றில் இறுக்கிக் கட்டிய பழைய புடவை, பூண்டுக் குழம்பு, கட்டில். நாங்கள் ஞானஸ்நானம் எடுத்து இரண்டு தலைமுறை ஆகிறது. சாமி மாறியது, சாங்கியம் எவ்வளவோ மாறியது, இந்தச் சட்டம் மட்டும் மாறவில்லை.

ரூபி போனில் சொல்வாள். "தாகமா கீதுங்க. அம்மா அர டம்ளர் காபி குடுத்துட்டு போதும்னுது." நான் சொல்வேன், "அத்த சொல்றத கேளு. அவங்களுக்குத் தெரியாததா?" பிறகு ஒருநாள் இடது கெண்டைக்கால் வலிக்கிறது, கல் மாதிரி இருக்கிறது என்றாள். அத்தை பார்த்துவிட்டு, "பிள்ள பெத்த உடம்பு, நீர் கோத்துகினு கீது" என்று எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். அதில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். பின்னால் சபையில் சிலர் அத்தையை ஒரு மாதிரி பார்த்தார்கள். அவர்கள் வீட்டிலும் இதைத்தான் செய்திருப்பார்கள்.

குருத்தோலை ஞாயிறு சாயங்காலம் குழந்தையைப் பார்க்கப் போனேன். சபையில் கொடுத்த ஓலையைச் சிலுவையாக மடித்துத் தொட்டிலில் செருகினேன். ரூபி சுவரில் சாய்ந்திருந்தாள். பேசும்போது லேசாக மூச்சு வாங்கியது. "தூக்கம் இல்ல, அதான்" என்றாள். நானும் அதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் திங்கட்கிழமை காலை. ஓட்டல் மொட்டைமாடியில், ஏசித் தண்ணீர் வெளியேறும் ஒரு டிரெயின் பைப்பில் அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அத்தை போன் செய்தார்.

"தம்பி, ரூபி பாத்ரூம் போலாம்னு எந்திரிச்சா, அப்டியே வுழுந்துட்டா. மூச்சு வுட முடில. ஒதடு நீலமா கீது. சீக்கிரம் வா தம்பி. ஆம்புலன்சுக்குச் சொல்லிக்கீறோம்."

நான் "சரி" என்றேன். அவ்வளவுதான். "சரி" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த பைப்பை மாட்டி, கிளிப் போட்டு, தண்ணீர் ஒழுங்காகப் போகிறதா என்று நின்று பார்த்தேன். பிறகுதான் கீழே இறங்கினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்போதே ஏதோ ஒன்று எனக்குள் ஆஃப் ஆகிவிட்டது.

எங்கள் ஓட்டல் எலக்ட்ரீஷியன் ஏழுமலை அண்ணாத்த என் முகத்தைப் பார்த்தார். என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கிராமத்தில் விவசாயக் குடும்பம். வருஷா வருஷம் மாலை போட்டு மலைக்குப் போகிறவர். "இன்னாடா?" என்றார். சொன்னேன். உடனே அவர் வண்டியை எடுத்தார். நான் பின்னால் உட்கார்ந்தேன். ஈசிஆர் ரோட்டில் வெயில் கொளுத்தியது. நான் ஓட்டல் பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு போனேன்.

பக்கத்து ஆஸ்பத்திரியில் ரூபியை ஏற்கனவே படுக்கவைத்து ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். அங்கிருந்த இளம் டாக்டர் ஸ்கேன் வைத்துப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். காலில் உறைந்த ரத்தக்கட்டி மேலே ஏறி நுரையீரல் ரத்தக்குழாயை அடைத்திருக்க வேண்டும், இதயத்தின் வலது பக்கம் அதைத் தள்ள முடியாமல் வீங்கிவிட்டது, பிரஷர் இறங்குகிறது என்றார். "ரத்தம் உறையாம இருக்க முதல் ஊசி போட்டாச்சு. ஆனா இவ்ளோ பெரிய கட்டிக்கு இது பத்தாது. செங்கல்பட்டு பக்கம் பெரிய ஆஸ்பத்திரி ஒண்ணுல இதுக்குன்னே ஒரு டீம் இருக்கு. நான் பேசிட்டேன். உடனே கிளம்புங்க."

டீம் என்றதும் எனக்குப் பயமாகிவிட்டது. அதற்குக் காரணம் என் தொழில். ஒரு மெஷினை ஒரு மெக்கானிக் பார்த்தால் ரிப்பேர் ஆகும். நாலு பேர் சுற்றி நின்றால் ஒருவன் கேஸ் இல்லை என்பான், இன்னொருவன் கம்ப்ரஸர் போச்சு என்பான், கடைசியில் மெஷின் பழைய இரும்புக்குப் போகும். இதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒரு நல்ல டாக்டர் போதுமே, எதற்கு டீம் என்றுதான் ஆம்புலன்சில் போகும்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தை ரூபியின் காலடியில் உட்கார்ந்து சத்தமாக ஜெபித்துக்கொண்டே வந்தார். "ஒரு நல்ல டாக்டர குடும் ஆண்டவரே. ஒரே ஒரு நல்ல டாக்டர குடும்." ரூபி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பேச முடியவில்லை. நான் அவள் கையைப் பிடித்திருந்தேன். கை ஜில்லென்று இருந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. திருக்கழுக்குன்றத்தில் ரோடு பள்ளமாக இருந்தது என்பது ஞாபகம் இருக்கிறது.

செங்கல்பட்டில் அவளை நேராக உள்ளே கொண்டுபோனார்கள். பின்னால் வண்டியில் வந்த ஏழுமலை அண்ணாத்த என் பெயர், அவள் பெயர், என் போன் நம்பர், தன் போன் நம்பர் என்று எல்லாம் எழுதிக் கொடுத்தார். கேட்ட கேள்விக்கு நான் பாதிதான் பதில் சொன்னேனாம். குழந்தை என் அக்காவிடம் இருந்தது. அத்தை ஐசியு வாசலில் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் எதிரே ஓடிக்கொண்டிருந்த ஏசியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொட்டிக்கொண்டிருந்தது. டிரெயின் பைப்பைக் கழுவவேண்டும் என்று நினைத்தேன். மனைவி உள்ளே செத்துக்கொண்டிருக்கிறாள், இவன் டிரெயினைக் கழுவவேண்டும் என்று நினைக்கிறான். என்னைப் பற்றி எனக்கே அருவருப்பாக இருந்தது. ஆனால் அந்த அருவருப்பும் ரொம்பத் தூரத்தில்தான் இருந்தது.

அப்போதுதான் சபையிலிருந்து போன் வந்தது.

எங்கள் சபையில் யாருக்காவது ஆபத்து என்றால் சங்கிலி ஜெபம் வைப்பார்கள். முன்பெல்லாம் வீடுவீடாக மணிக்கணக்குப் பிரித்துக்கொள்வார்கள். இப்போது செல்போன் வந்தபிறகு குரூப் கால். எல்லோரும் லைனில் இருப்பார்கள். ஒருவர் ஜெபித்து முடிக்கும் இடத்திலிருந்து அடுத்தவர் பிடித்துக்கொள்வார். இடைவெளி விழக்கூடாது. யாருக்கு ஆபத்தோ அந்த வீட்டுக்காரர்தான் முதல் கண்ணி. பாஸ்டர் கடைசி ஆமென் சொல்லும்வரை யாரும் லைனை விட்டுப் போகக்கூடாது. போனால் சங்கிலி அறுந்துவிடும். இதை எந்தப் பாஸ்டரும் சொல்லிக்கொடுத்ததில்லை. நாங்களாக வைத்துக்கொண்டதுதான். ஆனால் சபையில் சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

ஐசியு வாசலில் போன் பேசக்கூடாது என்று செக்யூரிட்டி சொன்னார். நான் படியிறங்கி, கட்டடத்துக்குப் பின்னால் வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனேன். அங்கே ஒரு புங்கமரம். அதன்கீழ் நின்று போனைக் காதில் வைத்துக்கொண்டேன். முதலில் நான் ஜெபிக்க வேண்டும். பாஸ்டர், "டேனி, ஆரம்பிப்பா" என்றார். நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. பழகிய வார்த்தைகூட வரவில்லை. சற்று நேரம் எல்லோரும் காத்திருந்தார்கள். பிறகு மீன் மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா சத்தமாக ஆரம்பித்துவிட்டார். அந்த அக்காவுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அவர்கள் ஜெபித்தார்கள். ஒருவர் மாற்றி ஒருவர். அழுதுகொண்டே சிலர். பின்னால் ஒரு வீட்டில் குக்கர் விசிலடித்தது. நான் சும்மா நின்றேன்.

நடுவில் காதில் ஒரு சத்தம். டுக், டுக். வேறு ஏதோ கால் வருகிறது. போனை எடுத்துப் பார்த்தேன். தெரியாத நம்பர். லோன் வேண்டுமா என்று கேட்கிறவர்கள் இப்படித்தான் நேரங்கெட்ட நேரத்தில் கூப்பிடுவார்கள். கட் செய்தேன். மறுபடி டுக், டுக். மறுபடி கட் செய்தேன். ஜெபத்தை விட்டுவிட்டு அதை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. எல்லோரும் என் மனைவிக்காக அழுகிறார்கள், நான் ஜெபிக்கத்தான் இல்லை, லைனையாவது விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம் என்று நினைத்தேன். நான் செய்ய முடிந்த ஒரே காரியம் அதுதான் என்று நினைத்தேன்.

ஏழுமலை அண்ணாத்த வேகமாக ஓடிவருவதைப் பார்த்தேன். சட்டையெல்லாம் வேர்வை. கிட்டே வந்தவர், போனிலிருந்து ஜெபச் சத்தம் கேட்டதும் சட்டென்று நின்றுவிட்டார். செருப்பைக் கழற்றினார். கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, ஜெபம் முடியட்டும் என்று காத்திருந்தார். அவருக்குத் தெரியுமா இது முடியாத ஜெபம் என்று? ஒருவர் முடித்தார். இவர் வாயெடுப்பதற்குள் அடுத்தவர் ஆரம்பித்துவிட்டார். அண்ணாத்த காலை மாற்றி மாற்றி நின்றார். கடைசியில் அவருக்குப் பொறுக்கவில்லை.

"டேய் டேனி, சாமி மன்னிச்சுக்கட்டும். உன்னத் தேடிகினு கீறாங்கடா. மைக்ல கூவுறாங்க. உன் நம்பருக்குப் போட்டா கட் ஆவுதுன்னு எனக்குப் போட்டாங்க. டாக்டருங்க எல்லாம் ஒரு ரூம்ல குந்திகினு கீறாங்க. நீ கையெழுத்துப் போட்டாதான் ஆரம்பிப்பாங்களாம். ரூபிக்குப் பிரஷர் இன்னும் எறங்கிச்சாம்டா!"

நான் அவரைப் பார்த்தேன். போனைப் பார்த்தேன். லைனில் ஒரு தாத்தா ஜெபித்துக்கொண்டிருந்தார். நம்புங்கள், அப்போதும் நான் போனை வைக்கவில்லை. இவர் முடிக்கட்டும், இப்போது விட்டால் சங்கிலி அறுந்துவிடும், அறுந்தால் ரூபி போய்விடுவாள் என்று நின்றேன். மரத்துப்போன ஆளுக்குப் பயம் மட்டும் வேலை செய்யும் போலிருக்கிறது.

அண்ணாத்த பேசியது லைனில் கேட்டிருக்க வேண்டும். பாஸ்டர் குறுக்கே வந்தார். தாத்தாவின் ஜெபத்தில் குறுக்கே வந்தார். நான் சபைக்குப் போகும் இத்தனை வருஷத்தில் அவர் யாருடைய ஜெபத்திலும் குறுக்கிட்டதில்லை.

"டேனி, போன வை."

"ஐயா, சங்கிலி..."

"அறுந்தா நான் முடிச்சு போட்டுக்கிறேன். நீ மேல போ. போன வைடா!"

வைத்தேன்.

மாடிப்படியில் எப்படி ஏறினேன் என்று தெரியாது. ஒரு சின்ன அறைக்குள் என்னை அழைத்துப் போனார்கள். மேஜையைச் சுற்றி டாக்டர்கள். இரண்டு பேர் கம்ப்யூட்டர் திரையில் இருந்தார்கள், வேறு ஊரிலிருந்து. தலை நரைத்த ஒரு பெண் டாக்டர் என்னை உட்காரச் சொன்னார். ஒவ்வொருவரையும் காட்டினார். இவர் இதய டாக்டர், இவர் நுரையீரல், இவர் ஐசியு, இவர் இதய ஆபரேஷன் செய்கிறவர், இவர் ஸ்கேன் பார்க்கிறவர், திரையில் இருப்பவர் ரத்த நோய் டாக்டர், திரையில் அவர் பக்கத்தில் இருப்பவர் பிரசவ டாக்டர்.

என் பயம் அப்படியே எதிரில் உட்கார்ந்திருந்தது. ஒரு மெஷினைச் சுற்றி இத்தனை மெக்கானிக்.

"இதுல பெரிய டாக்டர் யாருங்க?" என்று கேட்டேன்.

ஒருவரும் "நான்" என்று சொல்லவில்லை. அந்த அம்மா சொன்னார், "இன்னிக்கு யாரும் பெரியவங்க இல்ல டேனியல். உங்க மனைவிக்குத் தனியா ஒருத்தர் முடிவெடுத்தா தப்பாப் போயிடலாம். அதனாலதான் எல்லாரும் உட்கார்ந்திருக்கோம்."

பிறகு சுருக்கமாக விளக்கினார். கட்டியைக் கரைக்க ஒரு மருந்து இருக்கிறது. வழக்கமாக அதைத்தான் ஏற்றுவார்கள். ஆனால் அது நுரையீரலில் இருக்கும் கட்டியை மட்டும் தேடிப்போய்க் கரைக்காது. ஆபரேஷன் ஆன வயிற்றில் எங்கெல்லாம் ரத்தம் உறைந்து காயத்தை அடைத்திருக்கிறதோ அதையும் கரைத்துவிடும். "மருந்து குடுத்துடலாம்னுதான் நான் முதல்ல சொன்னேன்" என்றார் இதய டாக்டர். "நான்தான் வேணாம்னேன்" என்றார் திரையிலிருந்த பிரசவ டாக்டர். "கர்ப்பப்பை இன்னும் ஆறல. ரத்தம் கொட்ட ஆரம்பிச்சா நிறுத்துறது கஷ்டம்." நெஞ்சைத் திறந்து எடுக்கலாமென்றால் அவள் உடம்பு இப்போது அதைத் தாங்காது என்று ஆபரேஷன் டாக்டரே சொல்லிவிட்டார். வாதம் செய்து, கடைசியில் எல்லோரும் ஒரு வழிக்கு வந்திருந்தார்கள். தொடையிடுக்கில் உள்ள ரத்தக்குழாய் வழியாக ஒரு மெல்லிய குழாயை நுரையீரல்வரை ஏற்றி, கட்டியை உறிஞ்சி எடுப்பது. இந்த ஆஸ்பத்திரிப் பிரசவ டாக்டர்கள் பக்கத்திலேயே நிற்பார்கள். ஆபரேஷன் டாக்டரும் தயாராக நிற்பார். ஏற்ற வேண்டிவந்தால் என்று ரத்தமும் எடுத்து வைத்தாகிவிட்டது.

"இதுலயும் ஆபத்து இருக்கு. மறைக்கல. ஆனா காத்திருந்தா அதைவிட ஆபத்து" என்றார் அந்த அம்மா.

குழாயில் அடைப்பு. ஆசிட் ஊற்றினால் பைப்பே போய்விடும். ஆகவே ஒரு டியூபை விட்டு உறிஞ்சுவது. இது எனக்குப் புரிந்தது. அன்று காலையிலிருந்து எனக்குப் புரிந்த முதல் விஷயம் அதுதான். அப்போது இன்னொன்றும் புரிந்தது. அத்தை கேட்டபடி ஒரு நல்ல டாக்டர் மட்டும் அன்றைக்குக் கிடைத்திருந்தால், அவர் நல்ல மனசோடு அந்த மருந்தை ஏற்றியிருப்பார்.

கையெழுத்துப் போட்டேன். எழுந்தபோது கேட்டேன், "தண்ணி குடிக்காததாலயா டாக்டர்? படுத்தே கெடந்ததாலயா?" வெளியே தரையில் உட்கார்ந்திருந்த அத்தை மனதில் வந்துவிட்டார்.

"அது மட்டுமே காரணம் இல்ல. பிரசவம், ஆபரேஷன், ரெண்டுமே ரத்தத்த உறைய வைக்கும். அதோட தண்ணி குறைஞ்சதும் அசையாம இருந்ததும் சேர்ந்துகிச்சு" என்றார். திட்டவில்லை. "இப்ப அத யோசிக்காதீங்க. வெளிய இருங்க. போன எடுங்க."

போன எடுங்க. நான் தலையாட்டினேன்.

வெளியே வந்து உட்கார்ந்தேன். போனை மடியில் வைத்துக்கொண்டேன். அண்ணாத்த ஒரு டீ வாங்கிவந்து என் கையில் திணித்தார். ஆறிப்போகும்வரை அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அத்தை என்னைப் பார்க்கவில்லை. எங்கள் மூன்று பேரில் அண்ணாத்தையின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அவர் யாரைக் கூப்பிட்டாரோ, நான் கேட்கவில்லை. கேட்டவர் கேட்டிருப்பார்.

நான் ஜெபித்தேனா? இல்லை. ஒரு முறை "ரூபி" என்றேன். வாய்க்குள்ளேயே. அவ்வளவுதான் வந்தது. அதை ஆண்டவர் ஜெபமென்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ.

வெயில் தாழும்போது கதவு திறந்தது. இதய டாக்டர் தலைக்குல்லாவைக் கழற்றிக்கொண்டே வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. செல்போனில் ஒரு படம் காட்டினார். வெள்ளைத் துணிமேல் கறுத்த நீளநீளமான துண்டுகள், மண்புழு மாதிரி. "இதெல்லாம் உங்க மனைவி நுரையீரல்ல இருந்தது. முக்கால்வாசி வந்துடுச்சு. எடுத்த உடனே பிரஷர் ஏறிடுச்சு. மீதிய மருந்து பார்த்துக்கும்." பிறகு, "எங்களுக்கே சந்தோஷமா இருக்கு" என்றார்.

அத்தை அவர் காலில் விழப் போனார். அவர் பிடித்துக்கொண்டார். அண்ணாத்த சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு முகத்தைத் துடைத்தார். நான் "தேங்க்ஸ் சார்" என்றேன். ஏசி சொட்டுகிறது, டிரெயினைக் கழுவச் சொல்லுங்கள் என்றும் சொன்னேனாம். அண்ணாத்த இன்றுவரை ஓட்டலில் எல்லோரிடமும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

பாஸ்டருக்குப் போன் செய்தேன். அவர்கள் லைனை விடவில்லை. நான் போனை வைத்ததிலிருந்து அதுவரை விடவில்லை. மீன் மார்க்கெட் அக்கா கடையை மூடிவிட்டு ஜெபித்தாராம். நான் சொன்னதும் அந்தப் பக்கம் எழுந்த சத்தத்தில் போனைக் காதிலிருந்து எடுக்கவேண்டியதாயிற்று.

மறுநாள், மூச்சுக்காக ரூபியின் வாயில் வைத்திருந்த டியூபை எடுத்தார்கள். ஒருவர் மட்டும் போகலாம் என்றார்கள். அத்தை, "நீ போ தம்பி, நான் எந்த மொகத்த வெச்சிகினு போவேன்?" என்றார். நான் நர்ஸிடம் கெஞ்சி அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். ரூபி கண்ணைத் திறந்தாள். குரல் கரகரத்திருந்தது. முதல் வார்த்தை என் பெயர் இல்லை, குழந்தை பெயரும் இல்லை.

"தண்ணி."

அத்தை உடைந்துபோனார். "நான்தான்டி உன்ன, நான்தான்டி..." என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். ரூபி அவரைப் பார்த்தாள். கோபமெல்லாம் ஒன்றுமில்லை.

"யம்மா. அப்பறம் அழுவலாம். தண்ணி குடு."

நர்ஸ் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீரும் ஸ்பூனும் கொடுத்தார். அத்தை அழுதுகொண்டே ஊட்டினார். பாதி கழுத்தில் ஒழுகியது. ரூபி முழுங்கினாள். இன்னும் என்றாள். அத்தை கொடுத்தார். நான் கட்டில் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பதுபோல இருந்தது.

ஈஸ்டரை ஆஸ்பத்திரியிலேயே கழித்தோம். ரூபி வீடு வந்தாள். குழந்தையைச் சபைக்குக் கொண்டுவந்து ஸ்தோத்திரம் செலுத்திய நாளில் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்து நின்றேன். வார்த்தை வரவில்லை. ரூபி எழுந்து வந்து நாலு வரியில் சொல்லிவிட்டுப் போனாள். நான் பக்கத்தில் ஆணியடித்த மாதிரி நின்றேன். எனக்கு விசுவாசம் குறைந்துபோச்சா என்று உள்ளுக்குள் பயந்தேன். சந்தோஷப்பட வேண்டிய இடத்தில்கூட ஒன்றும் வராத மனுஷன் என்ன விசுவாசி?

பிறகு ஒருநாள், ஆடிக் காற்று ஆரம்பித்த சமயம், ஓட்டல் மொட்டைமாடியில் வேலையாக இருந்தேன். ரூபி போன் செய்தாள். பாப்பா குப்புறக் கவிழ்ந்துவிட்டாள் என்று கத்தினாள். மூச்சு வாங்காமல் கத்தினாள். நடுவில் காதில் டுக், டுக். வேறு கால். தெரியாத நம்பர். நான் ரூபியைக் காக்கவைத்துவிட்டு அதை எடுத்தேன்.

"சார், உங்களுக்குப் பர்சனல் லோன் வேணுமா?" என்று ஒரு பெண் கேட்டது.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அப்படி ஒரு அழுகையை நான் அழுததே இல்லை. அந்தப் பெண், "சார்? சார்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. "வேணாம்மா. எனக்கு ஒண்ணும் வேணாம். எல்லாம் கீது" என்றேன். மாதக்கணக்காக ஆஃப் ஆகிக் கிடந்தது அன்றைக்குத்தான் ஓட ஆரம்பித்தது. அன்றைக்குத்தான் முழங்காலிலும் நின்றேன், சூடான சிமெண்ட் தரையில். லைனில் காத்திருந்த ரூபியை நான் மறந்தேபோனேன். அதற்குச் சாயங்காலம் தனியாகத் திட்டு வாங்கினேன்.

இப்போது எங்கள் சபையில் இரண்டு காரியங்கள் மாறியிருக்கின்றன. சபையில் யார் வீட்டிலாவது பிள்ளை பிறந்தால், முதலில் போய் நிற்பது என் அத்தை. கையில் ஒரு சொம்பு தண்ணீர். "குடி. எந்திரி. நட" என்பார். வீட்டுப் பெரியவர்கள் முணுமுணுத்தால், "என் பொண்ணக் கேளு, தண்ணி இன்னா ருசின்னு சொல்லுவா" என்று வாயை அடைத்துவிடுவார். கால் வீங்கினால் எண்ணெய் தேய்க்க விடமாட்டார். நேராக டாக்டர்தான்.

இன்னொன்று, ஆஸ்பத்திரியில் நிற்கிற ஆளை இப்போது சங்கிலி ஜெபத்தின் லைனில் சேர்ப்பதில்லை. சேர்த்தாலும் பாஸ்டரே இறக்கிவிடுகிறார். அதற்குப் பதில் யாராவது ஒருவர் நேரில் போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும். டீ வாங்கிக் கொடுக்க வேண்டும். அதுவும் ஜெபத்தில் ஒரு கண்ணி என்று பாஸ்டர் சொல்லிவிட்டார். ஏழுமலை அண்ணாத்தைக்கு இதைச் சொன்னேன். "அப்போ நானும் உங்க சங்கிலியில கீறேனாடா?" என்றார். "நீதான் அண்ணாத்த கொக்கி" என்றேன்.

அன்பானவர்களே, இதை வாசிக்கிற உங்களில் யாராவது இப்போது ஏதோ ஒரு ஐசியு வாசலில் நின்றுகொண்டிருக்கலாம். வாயில் ஜெபம் வரவில்லையே, கண்ணில் தண்ணீர் வரவில்லையே, நமக்கெல்லாம் பதில் வருமா என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். எனக்கும் ஒன்றும் வரவில்லை. பதில் வந்தது. ஒரு நல்ல டாக்டரைக் கொடும் என்று கேட்டோம். ஒருவர் தப்பை ஒருவர் பிடித்து நிறுத்துகிற ஒரு கூட்டத்தையே ஆண்டவர் உட்காரவைத்திருந்தார். நாங்கள் லைனில் கூப்பிடுவதற்கு முன்பே அவர்கள் அந்த அறையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஆகவே நம்புங்கள். வார்த்தை வராவிட்டாலும் நம்புங்கள். ஆனால் நடுவில் அந்த டுக், டுக் சத்தம் கேட்டால் தயவுசெய்து எடுங்கள். போனை வைத்துவிட்டு மேலே ஓடுங்கள். சங்கிலியை நாங்கள் பிடித்துக்கொள்கிறோம்.